வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படுங்கள்!

விடுமுறையில் ஊர் வந்திருக்கும் சகோதரரே! துபாயிலோ தமாமிலோ இரண்டாண்டுகள் உழைத்துவிட்டு நாற்பத்தைந்து நாள் விடுப்பில் வந்திருக்கிறீர்கள். அந்த நாட்களின் கணக்கைச் சற்றே பார்ப்போமா? முதல் வாரம் உறவினர் வருகை. அடுத்து தங்கை வீட்டு விருந்து, நண்பர் வீட்டு நிக்காஹ். பின்னர் வங்கி, பத்திரப் பதிவு, கொத்தனார் கூலி. கடைசி வாரம் பெட்டி கட்டுதல். இவற்றுக்கிடையே உங்கள் துணைவியாரோடு தனித்துப் பேசிய நேரம் எவ்வளவு? அவரோ வந்தவர்க்கெல்லாம் ஆணம் காய்ச்சியே அந்நாட்களைக் கழித்திருப்பார்.

"தேனிலவு போகும் வயதா இது?" என்று சிரிப்பீர்கள். பயணத்தின் இடையே அன்னை ஆயிஷா அவர்களோடு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். முதன்முறை அன்னையார் வென்றார்கள். பின்னொரு நாள் அண்ணலார் வென்றார்கள். நாம் ஓட வேண்டாம். உடன் நடந்தாலே போதும்.

தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல்லிலிருந்தே தொடங்குங்கள். பூட்டுக்குப் பெயர்போன ஊர் இது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பத்தான் நமக்கு மனம் வருவதில்லை! பிள்ளைகளை நன்னியிடம் விட்டுவிட்டு, வெயில் ஏறுமுன் மலைக்கோட்டைக்குச் செல்லுங்கள். பாறையிலேயே வெட்டிய படிகள்; அவர் மூச்சு வாங்கினால் நீங்களும் அமருங்கள். மதுரை நாயக்கர்கள் எழுப்பிய இக்கோட்டைக்கு 1755இல் பவுஜ்தாராக வந்தவர் ஐதர் அலி. கீழே தெரியும் பேகம்பூர், அங்கு அடங்கியுள்ள அவருடைய சகோதரி அமீருன்னிசா பேகத்தின் நினைவால் பெயர் பெற்றது. 1772இல் கணவரைப் போரில் பறிகொடுத்த வேலு நாச்சியார், இப்பகுதியிலுள்ள விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்து, ஐதரின் துணையோடு 1780இல் சிவகங்கையை மீட்டார். இக்கதையைப் பாறைமேல் அமர்ந்து துணைவியாருக்குச் சொல்லுங்கள். அவருக்கு முன்பே தெரிந்திருந்தால் நீங்கள் கேளுங்கள்.

இறங்கியதும் பசிக்கும். சீரகச் சம்பா பிரியாணி இவ்வூரின் பெருமை. அன்றொரு வேளையேனும் பிறர் சமைத்ததை அவர் அமர்ந்து உண்ணட்டும்.

மறுநாள் சிறுமலை. நகரிலிருந்து ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். கொடைக்கானலின் கூட்டம் இங்கில்லை என்பதே இதன் அழகு. காப்பி, மிளகு, பலா, எலுமிச்சை என்று தோட்டங்கள். சிறுமலை வாழை தனிச்சுவை உடையது. தோல் தடித்து, சதை இறுகியிருக்கும். முடிக்கொத்து நோய் பரவி அத்தோட்டங்கள் பெரிதும் அழிந்தன; இன்று கிடைப்பது அருமையே. பாதையில்லாத தோட்டங்களிலிருந்து குதிரைகள் மூட்டை சுமந்து வருவதையும் காணலாம்.

சென்ற ஆண்டு நானும் என் இல்லத்தாளும் சென்றிருந்தோம். மணமாகிப் பத்தொன்பது ஆண்டுகள். அவற்றுள் பதினொன்றை நான் அயல்நாட்டில் கழித்தவன். மேல் வளைவொன்றில் வண்டியை நிறுத்தினோம். சமவெளி முழுதும் விரிந்து கிடந்தது. நடுவே கோட்டைப்பாறை ஒரு கூழாங்கல் போல. "மச்சான், நம் வீடு எந்தப் பக்கம்?" என்றாள். தேடினோம், தெரியவில்லை. "தெரியாமலே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவளே முன்னால் நடந்தாள். அவள் இத்தனை வேகமாக நடப்பாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பையில் பணமும் கையில் இன்னும் இரண்டு நாளும் இருந்தால் கொடைக்கானல் செல்லுங்கள். 1863இல் அமைத்த ஏரியும், அதையடுத்த பிரையண்ட் பூங்காவும் நீங்கள் அறிந்தவையே. பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2018இல் பூத்தது, இனி 2030இல்தான். 2024 மே முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்துள்ளது; புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். மே மாதக் கூட்டத்தில் மட்டும் போகாதீர்கள். ஏரியைவிட எதிரே வரும் வண்டிகளையே அதிகம் பார்ப்பீர்கள்.

திரும்பும்போது நிலக்கோட்டை மல்லிகை இரண்டு முழம் வாங்கிக் கொடுங்கள். விலை கேட்டுவிட்டு ஒரு முழமாகக் குறைத்துவிடாதீர்கள்!