உம்மாவின் முழங்கால்

என் உம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மாத்தளையிலிருந்து இறத்தோட்டைக்குப் போகும் பாதையோரம், மேட்டிலே எங்கள் வீடு. பாதையிலிருந்து வாசலுக்கு முப்பத்திரண்டு படிகள். குழாய்த் தண்ணீர் வராத காலத்தில் கீழேயிருந்த பீலியில் தண்ணீர் பிடித்து, இடுப்பில் குடத்தோடு அந்தப் படிகளை ஏறியவர் உம்மா. குந்தியிருந்து தேங்காய் திருவினார், அம்மி அரைத்தார், முற்றத்தில் மிளகு காயப் போட்டார். அந்த மிளகுக் காசில்தான் நான் அரபுக் கல்லூரியில் ஓதினேன்.

அறுபது வயதில் அவருடைய முழங்கால்கள் தேயத் தொடங்கின. முதலில் தைலம் தேய்த்தார். பிறகு நாற்காலியில் அமர்ந்து தொழுதார். இரவில் அவர் முனகுவது என் அறைக்குக் கேட்கும். "ஸப்ரு செய்யுங்கள் உம்மா, நோவுக்கும் கூலி உண்டு" என்பேன். நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் அதைச் சொல்லிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கிப் போனேனே, அதுதான் பிழை.

ஒரு நாள் தங்கை கேட்டாள்: "நானா, உங்கட பல் நொந்த அன்றைக்குக் காலையிலேயே டொக்டரிட்டப் போனீங்க. ஸப்ரு உம்மாக்கு மட்டுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. வைத்தியம் செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்ற கருத்துள்ள ஹதீஸை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஓதிக்கொடுப்பவன் நான். பாடம் வகுப்பறையிலேயே நின்றுவிட்டது.

2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உம்மாவின் வலது முழங்காலுக்கு மூட்டு மாற்றுச் சத்திர சிகிச்சை நடந்தது. தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி, உலோக மூடி பொருத்தி, இடையில் குருத்தெலும்புக்குப் பதிலாக உறுதியான பிளாஸ்டிக் தட்டு வைக்கிறார்கள். மறுநாளே எழுப்பி நிற்க வைத்தார்கள். உண்மையான சோதனை அதன் பிறகுதான். மூட்டு விறைத்துப் போகாமலிருக்க, காலை நாள்தோறும் மடக்கி நீட்ட வேண்டும். உம்மா அழுதுகொண்டே செய்தார். தங்கை பக்கத்திலிருந்து எண்ணினாள்.

சில மாதங்களில் நின்று தக்பீர் கட்டினார். ஸுஜூதுக்கு மட்டும் நாற்காலி. இயன்றவர் நிற்க வேண்டும், இயலாததில் சலுகை உண்டு என்பதே சட்டம். நாற்காலியில் தொழும் பல சகோதரிகள் நிற்க முடிந்தும் முதல் தக்பீரிலிருந்தே அமர்ந்துவிடுகிறார்கள். இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு மாலையில் உம்மா ரகசியம் சொல்வதுபோல் சொன்னார்: "மகன், ஆஸ்பத்திரிக் கட்டிலில நான் ஒரு நிய்யத் வச்சேன். இந்தக் கால் நல்லா வந்தா, உம்ராவுக்குப் போய் தவாபும் ஸஃயும் என்ட காலாலேயே நடந்து செய்வேன்."

"வாயால் நேர்ச்சையாகச் சொன்னீர்களா உம்மா, மனதில் நினைத்தீர்களா?"

"மனசிலதான்."

"அப்படியானால் அது நேர்ச்சை ஆகாது. வாயால் மொழிந்தால்தான் நம் ஷாபிஈ மத்ஹபில் கடமையாகும்" என்றேன். அவர் முகத்தில் மகிழ்ச்சியில்லை. அவர் கேட்டது பத்வா அல்ல, துணை என்பது பிறகுதான் புரிந்தது.

அன்றிலிருந்து ஸுபஹுக்குப் பின் நடை. முதலில் பத்து நிமிடம், பிறகு இருபது, பிறகு முக்கால் மணி நேரம். ஓர் ஆண்டு கழிந்து டொக்டர் சம்மதித்தார். விமானத்தில் நெடுநேரம் அசையாமல் இருந்தால் காலில் இரத்தம் கட்டக்கூடும், இடையிடையே எழுந்து நடக்க வேண்டும் என்றார். விமான நிலையச் சோதனைக் கருவி உலோக மூட்டுக்கு ஒலி எழுப்பலாம் என்று ஒரு கடிதமும் தந்தார்.

2024 பெப்ரவரியில் நான், உம்மா, தங்கை மூவரும் மக்கா சென்றோம். தவாபை உம்மா நடந்தே முடித்தார், அல்ஹம்துலில்லாஹ். பிறகு ஸஃயு. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஒரு தடவை நடப்பது ஏறத்தாழ நானூறு மீற்றர். ஏழும் சேர்ந்தால் மூன்று கிலோ மீற்றர் அளவாகும். தரையோ பளிங்கு. மூன்றாவது சுற்றில் நடை தளர்ந்தது. நான்காவதில் எனது தோளிலும் தங்கையின் தோளிலும் கையைப் போட்டுக்கொண்டார். முழங்கால் வீங்கியிருந்தது.

"நாற்காலி எடுக்கட்டுமா?"

"ஹாஜரா உம்மா ஓடின எடத்தில நான் கதிரையில போறதா?"

நோயுற்றிருந்த அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களை வாகனத்தில் அமர்ந்தே தவாப் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததைச் சொன்னேன். உம்மா அசையவில்லை. பிறகு, இரு மகன்களின் தோளில் தொங்கியபடி வந்த முதியவரின் செய்தியைச் சொன்னேன். நடந்தே செல்வதாக அவர் நேர்ந்திருந்தார். அவர் தம்மைத் தாமே வதைப்பது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று கூறி, வாகனத்தில் ஏறுமாறு கட்டளையிட்டார்கள் நபி (ஸல்) அவர்கள்.

உம்மா என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். தம் இரு கைகளும் கிடந்த இடத்தைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப அந்தக் கிழவன் நான்தானே! சரி, கொண்டு வாங்க."

மீதிச் சுற்றுகளை நான் தள்ளினேன். வண்டிகளுக்கென்றே நடுவில் தனிப் பாதை இருக்கிறது. தள்ளும்போது என் கைகள் நடுங்கின. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு படிகளை ஏறிய கால்கள் அந்த நாற்காலியில் இருந்தன. அன்னை ஹாஜரா (அலை) ஓடியது கால் பலத்தைக் காட்டவா? பிள்ளையின் தாகத்துக்காக அல்லவா? மர்வாவில் உம்மா எழுந்து நின்று, தம் காலாலேயே நின்று துஆக் கேட்டார்.

சகோதரிகளே! தீர்க்கக்கூடிய நோவைச் சகித்துக் கிடப்பது மட்டும் ஸப்ரு அல்ல. வைத்தியரிடம் போவதும், அழுதுகொண்டே காலை மடக்குவதும், இயலாதபோது சலுகையை முகம் சுளிக்காமல் ஏற்பதும் ஸப்ருதான். முழங்கால் நோவைக் காரணம் காட்டி ஹஜ்ஜை நினைக்கவே அஞ்சுவோர் உண்டு. உடல் கனத்திருந்த அன்னை ஸவ்தா (ரலி) அவர்களுக்கு முஸ்தலிபாவிலிருந்து கூட்டத்துக்கு முன்னரே புறப்பட அனுமதி கிடைத்தது. கல்லெறிய இயலாதவர் பிறரை நியமிக்கலாம். 2010 முதல் ஹஜ் காலத்தில் மினா, அரபா, முஸ்தலிபா இடையே ரயிலும் ஓடுகிறது. அறவே இயலாதவருக்காக மற்றவர் ஹஜ் செய்யவும் வழியுண்டு.

ஆண்களுக்கும் ஒரு சொல். வீட்டில் இரவில் முனகல் கேட்டால், உபதேசத்துக்கு முன் எழுந்து போய்ப் பாருங்கள். நான் பத்தாண்டுகள் தாமதித்தவன்.

உம்மாவின் இடது முழங்காலும் இப்போது தேய்ந்திருக்கிறது. இந்த முறை நாள் குறிக்க நானே போனேன். எல்லாத் தாய்மாருக்கும் அல்லாஹ் ஆபியத்தைத் தருவானாக. ஆமீன்.