கக்குற பிள்ளை

என் லேப்டாப்பில் ஒரு ஸ்பிரெட்ஷீட்டை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். 34 நாட்கள், 391 வரிசைகள். நேரம், எந்தப் பக்கம், எத்தனை நிமிடம், கக்கினானா, எத்தனை ஸ்பூன் இருக்கும், என்ன நிறம், எவ்வளவு நேரம் அழுதான் என்று போகும். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'நான் சாப்பிட்டது'. அதை யாரும் சேர்க்கச் சொல்லவில்லை, நானேதான் சேர்த்தேன். பூண்டுக் குழம்பு, பால்சுறா புட்டு, முருங்கைக் கீரை, பிரசவ லேகியம். ஒரு நாள் மட்டும் 'அரை வாழைப்பழம், அம்மாவுக்குத் தெரியாது'.

2023 ஆகஸ்ட் முதல் வாரம் வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் மகன் பிறந்தான். சிசேரியன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன்தான் என்பதால் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. உலகத் தாய்ப்பால் வாரம் வேறு. வார்டு சுவரெல்லாம் போஸ்டர். அப்படியொரு போஸ்டருக்குக் கீழேதான் முதல் ராத்திரி, நான் பாதி மயக்கத்தில் கிடந்தபோது, ஒரு நர்ஸ் பவுடர் பாலைக் கரைத்து அவன் வாயில் ஊற்றினார். "உனக்கு இன்னும் ஊறலம்மா, கொழந்த பசில கத்துது" என்றார். போஸ்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடிவயிற்றில் தையல் இருந்த மாதிரித் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் அம்மா வீட்டுக்கு வந்தோம். பேரணாம்பட்டு என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் 'ஆம்பூர் பக்கமா?' என்பார்கள். இன்ஜினீயரிங் படித்த நான்கு வருடமும் நான் வேலூர் என்றே சொல்லிவந்தேன். காரணம் வாடை. அப்பா 31 வருடம் டேனரியில் வேலை பார்த்தவர். காற்று திசை மாறும் விடிகாலைகளில் சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த அந்த வாடை ஜன்னல் வழியாக வந்து நிற்கும். இங்கே இருப்பவர்களுக்கு அது மூக்கில் ஏறாது. எனக்கும் இப்போது ஏறவில்லை. ஆனால் அதற்குக் காரணம் வேறு. என் நைட்டி, தலைமுடி, தலையணை உறை எல்லாவற்றிலும் புளித்த பால்.

பிறந்தபோது 2.9 கிலோ. 21ஆம் நாள் 2.8. முதல் சில நாட்கள் எடை குறைவதும் இரண்டு வாரத்துக்குள் பழைய எடையைத் தொடுவதும் சகஜம். இவன் தொடவில்லை. எந்நேரமும் மார்பிலேயே கிடந்தான், எந்நேரமும் பசித்தான். காம்பு வெடித்து ரத்தம் வந்தது. ஒருமுறை அவன் கக்கியதில் சிவப்புக் கீற்றைப் பார்த்து அலறினேன். அது என் ரத்தம்தான்.

அதன்பிறகு ஆளுக்கொரு விளக்கம் வந்தது. பால் பத்தல. பால் பத்துது, ஆனா தண்ணிப் பாலு. பாலு சூடு. கண்ணு பட்டிருக்கு. "நீ எந்நேரமும் அந்தப் பொட்டியவே பாத்துனுகீற, அப்புறம் எப்டி ஊறும்?" என்று அம்மா. ஃபோனில் மாமியார், "நீ குளிர்ந்த தண்ணி எதுனா குடிச்சியாம்மா?" கூகுளில் தேடினால் பால் பொருட்களை நிறுத்து, முட்டையை நிறுத்து. எந்த வழியில் போனாலும் கடைசியில் என் உடம்பில்தான் வந்து முடிந்தது. எனக்கும் அது வசதியாகவே இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். தப்பு என்னிடம் இருந்தால் நானே சரிசெய்துவிடலாம் இல்லையா? பத்து வருடமாக அதைத்தான் சம்பளத்துக்குச் செய்கிறேன்.

ராத்திரி மூன்று மணிக்கு வேறொரு பயமும் வரும். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டதைப் பற்றிய வழக்கில்தான், 1996இல், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கு, சட்டம் படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரிந்தது, 17 வருடம் நான் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தேன் என்பது. அது என் பாலில் இருக்குமா? அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதே தண்ணி குட்சிதாம்மா உங்கம்மா உனக்குப் பால் குடுத்தா" என்றார். ஆறுதலா குற்ற ஒப்புதலா என்று புரியவில்லை. அந்தக் கேள்விக்கு ஸ்பிரெட்ஷீட்டில் கட்டம் போட முடியவில்லை.

எடை பார்த்த அன்று மாலையே அப்பா பவுடர் டின் வாங்கிவந்தார். இந்தியாவில் பால் பவுடர் டின்னில் குழந்தைப் படம் போடக் கூடாது. 1992ஆம் ஆண்டுச் சட்டம் அது. விளம்பரம் செய்யக் கூடாது, தாய்ப்பாலே சிறந்தது என்ற அறிவிப்பை டின் மீதே அச்சிட வேண்டும். ஏழை நாடுகளில் கம்பெனிகள் ஆசுபத்திரிக்குள் புகுந்து பவுடர் விற்று, அசுத்தத் தண்ணீரில் அதைக் கரைத்துக் கொடுத்துக் குழந்தைகள் செத்த பிறகு, 1981இல் உலக சுகாதார நிறுவனம் விதி வகுத்து, அதையொட்டி வந்த நல்ல சட்டம். நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, வெந்நீர் ஆறும் வரை கையில் டின்னோடு நிற்பவளுக்கு அந்த வாசகம் கம்பெனியைப் பார்த்துச் சொன்னது மாதிரி இருக்காது. அம்மா என் சின்ன வயதுப் பாலாடையைத் தேய்த்துக் கழுவி எடுத்துவந்தார். அதன் மூக்கு வழியாக 30 மில்லி இறங்கியதும் அவன் முதல்முறையாக மூன்று மணிநேரம் தொடர்ந்து தூங்கினான். நான் தூங்கவில்லை.

எடை ஏற ஆரம்பித்தது. கூடவே கக்கலும். குடித்த கொஞ்ச நேரத்தில் வாயோரம் வழியும், சில நேரம் மடி நனையும் அளவுக்கு வரும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிக்கும் அழுகை முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு பத்து மணிவரை போகும். ஆயா வாசல் திண்ணையில் இருந்தபடி, "கக்கற புள்ள தக்கும், வுடுடி" என்றார். பழமொழியைக் கேட்கும் மனநிலையில் நான் இல்லை. அம்மா வசம்பைச் சுட்டு உரசிக் கொண்டுவந்தார். அதற்கு இந்த ஊரில் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர். அமெரிக்காவில் 1968லேயே உணவில் சேர்க்கத் தடை என்று நான் கத்த, "அமெரிக்காவுல வந்து பெத்துக்கறதுதானே" என்று அம்மா கத்த, அவன் எங்கள் இரண்டு பேரையும் மிஞ்சிக் கத்தினான்.

ஒரு கிளினிக்குக்குப் போனோம். நான்கு நிமிடம். "ரிஃப்ளக்ஸ்" என்றார் டாக்டர். இரைப்பைக்கு மேல்வாயில் ஒரு தசை வளையம், பிறந்த குழந்தைக்கு அது அடிக்கடி தளர்ந்து திறந்துகொள்ளும், உள்ளே போனது மேலே வரும். அமிலத்தைக் குறைக்க ஒரு மருந்து, கூடவே டோம்பெரிடோன் சொட்டு மருந்து. அதே டோம்பெரிடோன் மாத்திரை எனக்கும், பால் ஊறுவதற்கு. அவனுக்குப் பால் மேலே வராமலிருக்க, எனக்குப் பால் வர. பஸ்ஸில் வரும்போது நினைத்துச் சிரித்தேன், பக்கத்துச் சீட்டுக்காரம்மா பயந்துவிட்டார். உண்மையில் அன்று எனக்குச் சந்தோஷம். பெயர் கிடைத்துவிட்டது. பெயர் வைத்துவிட்டால் பாதி பக் தீர்ந்த மாதிரி எங்களுக்கு ஒரு நினைப்பு.

மருந்து ஆரம்பித்த ஒன்பதாம் நாள் இரவுக்கு ஸ்பிரெட்ஷீட்டில் வரிசை கிடையாது. கணவர் சென்னையில். வாரக் கடைசியில்தான் ஆம்பூரில் ரயில் இறங்கி வருவார். அம்மா அசந்து தூங்கிவிட்டார். ஒன்றரை மணிக்குக் குடித்தான், கக்கினான், அழுதான். துடைத்து, மாற்றி, திரும்பக் கொடுத்தேன். கக்கினான். மூன்றாவது முறை என் முகத்தில். அந்த நொடியில் அவனைத் தூக்கிச் சுவரில் எறியத் தோன்றியது. 'தோன்றியது' என்பதைவிட மோசம். கைகள் இறுகியது எனக்குத் தெரிந்தது. அவனைப் பாயில் போட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். அவன் அழும் சத்தம் படியேறி வந்தது. தூரத்தில் மலை கறுப்பாகத் தெரிந்தது, வழக்கமான வாடை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கீழே வந்தபோது அழுகை நின்றிருந்தது. உயிர் போகிற பயத்தோடு கதவைத் திறந்தேன். எதிர்வீட்டு நானிமா எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தஹஜ்ஜுத் தொழ எழுந்தவருக்குச் சத்தம் கேட்டிருக்கிறது, எங்கள் வீட்டுக் கதவைத் தாழ் போடும் பழக்கம் எப்போதும் இல்லை. அவன் அவர் தோளில் நிமிர்ந்து கிடந்தான், சேலை முதுகுப்பக்கம் முழுக்க ஈரம். என்னை ஒன்றும் கேட்கவில்லை. "போய்ப் படும்மா. நான் கீறேன்" என்றார். காலை ஏழரை வரை தூங்கினேன்.

ஒன்றரை மாத ஊசிக்கு நகராட்சி சுகாதார நிலையம் போனோம். எடையைக் குறித்த நர்ஸம்மா, வெடித்த காம்பைப் பற்றி நான் எதுவும் சொல்லாமலேயே, நான் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து, "ஒருவாட்டி குடு, பாக்கறேன்" என்றார். கூட்டம் குறைந்த பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆரம்பம் முதல் முடிவு வரை பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. மூன்று ஆஸ்பத்திரி, ஆறு வாரம், இத்தனை பேர் சொன்ன காரணங்கள், 300 வரிசை டேட்டா. ஆனால் நான் பால் கொடுப்பதை அதுவரை ஒருத்தரும் முழுசாகப் பார்த்ததில்லை. பக் ரிப்போர்ட்டை மட்டும் படித்து ஆளாளுக்குக் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தோம், யாரும் அதை ஓட்டிப் பார்க்கவில்லை.

"காம்ப மட்டும் கட்சிகினுகீறான்மா" என்றார். தையல் வலிக்குப் பயந்து நான் குனிந்து, மார்பை அவன் வாய்க்குக் கொண்டுபோய்த் திணித்துக்கொண்டிருந்தேன். அவர் அவனைப் பக்கவாட்டில், என் அக்குளுக்கடியில் உடம்பு போகும்படித் திருப்பினார். காம்பு அவன் மூக்குக்கு நேராக. வாயைக் கொட்டாவி மாதிரி திறக்கும்வரை காத்திருந்து, கறுப்புப் பகுதியும் சேர்ந்து உள்ளே போகும்படி அவனை என்னிடம் கொண்டுவந்தார். முகவாய் மார்பில் அழுந்தியது. வலிக்கவில்லை. அந்த அமைதியில் 'க்ளக்' என்று அவன் விழுங்கும் சத்தம் கேட்டது. இதுவரை பாதி நேரம் காற்றைத்தான் விழுங்கியிருக்கிறான். ஊசி போட வந்த மற்ற அம்மாக்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் மூக்கைச் சிந்தி அழுதேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். பவுடரை முழுசாக நிறுத்த இன்னும் ஒரு மாதம் ஆனது. பத்தாவது வாரம் 4.3 கிலோ. ஆனால் கக்குவது நிற்கவே இல்லை. அடுத்து பார்த்த குழந்தைகள் டாக்டர் எடை அட்டையைப் புரட்டிவிட்டு, எடை ஏறுது, பச்சையா வரல, பீய்ச்சி அடிக்கல, அவனோட ரத்தம் இல்ல, மருந்த நிறுத்துங்க என்றார். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். 2009இல் சூசன் ஓரன்ஸ்டீன் குழுவினர், பால் குடிக்கும்போது அழுது துடித்த 162 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, 81 பேருக்கு அமிலம் குறைக்கும் லான்சோபிரசோலும், 81 பேருக்குப் போலி மருந்தும் கொடுத்திருக்கிறார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் தேறியது 44 பேர். போலி மருந்தில் தேறியதும் 44 பேர். கடுமையான சிக்கல்கள் மட்டும் மருந்துப் பக்கம் அதிகம். அழுகை பற்றி இன்னும் பழைய ஆய்வு ஒன்று. 1962இல் பிரேசில்டன் 80 குழந்தைகளின் அழுகையைப் பெற்றோரைக் குறிக்கச் சொன்னார். ஆறாவது வாரத்தில் அது உச்சம், ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணிநேரம், பிறகு தானாக இறங்குகிறது. என் ஷீட்டில் கிராஃப் போட்டுப் பார்த்தேன். அதே மலை, கொஞ்சம் உயரமாக. 'நான் சாப்பிட்டது' கட்டத்துக்கும் எதற்கும் சம்பந்தமே இல்லை. ஆயாவிடம் போய்ச் சொன்னேன். "நான் இன்னா சொன்னேன்?" என்றார்.

என் 26 வார விடுப்பு முடிய மூன்று வாரம் இருந்த ஒரு மத்தியானம். நானிமாவின் பேரன் மனைவிக்கும் பெண் குழந்தை, என் மகனைவிட ஒன்றரை மாதம் சின்னது. அவள் அப்பர் தைக்கும் ஒரு சின்ன யூனிட்டில் ஜாப் ஒர்க். இருபது பேர். பேறுகால விடுப்போ இ.எஸ்.ஐ.யோ காகிதத்தில்கூடக் கிடையாது. 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017இல் திருத்திய சட்டம் அவள் தெரு வரை வரவில்லை. மூன்றாம் மாதமே வேலைக்குப் போய்விட்டாள். மதியம் கட்டிக்கொள்ளும் பாலைக் கழிப்பறையில் பீய்ச்சி விடுகிறேன் என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள்.

அன்று குழந்தை பாலாடையைத் தட்டிவிட்டு வீறிட்டுக்கொண்டிருந்தது. என் மகன் தூங்கினான். சத்தம் கேட்டே எனக்குச் சுரந்து ஜாக்கெட் நனைந்தது. "இப்டி குடுங்க நானிமா" என்றேன். இப்படிக் கொடுக்கக் கூடாதென்று டாக்டர்கள் சொல்லும் காரணம் தெரியும், என் ரத்தப் பரிசோதனைத் தாள்கள் ஃபைலில் இருப்பதையும் மனசு ஒருமுறை சரிபார்த்துக்கொண்டது. நானிமா யோசித்தார். "ஒரு வாய் குட்சா போதும்மா, ரெண்டும் அண்ணன் தங்கச்சி. அப்புறம் நிக்கா கெடையாது."

"இந்த ஊர்ல அது எப்டியும் நடக்காது நானிமா."

அவர் சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு குழந்தையைக் கொடுத்தார். அக்குளுக்கடியில் போட்டு, வாய் திறக்கும்வரை காத்திருந்தேன். குடித்து முடித்துத் தோளில் போட்டதும் தாராளமாகக் கக்கினாள். அந்த நேரம் பார்த்து இவன் எழுந்தான்.

ஆறரைக்கு வேன் வந்தது. சொல்யூஷன் வாடை போகும்வரை அவள் குழாயடியில் முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். நானிமா உருதுவில் ஏதோ சொன்னார். அவள் நின்று கேட்டுவிட்டு, ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்தபடி என் வாசலுக்கு வந்தாள். என் தோளில் காய்ந்தும் காயாமலும் இருந்த கறையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது யாருதுக்கா?"

எனக்குத் தெரியவில்லை.