ஸ்பிரிங்கை வெட்டலாமா பாஸ்?

ரோட்டை உரசிக்கிட்டு நிக்கிற பழைய பிக்கப் போட்டோ ஒண்ணு உங்க மொபைல்லயும் கண்டிப்பா இருக்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல விரல்கூட நுழையாது. பார்த்த உடனே, 'நம்ம வண்டியையும் இப்படி இறக்கினா என்ன?'ன்னு மனசு அடிச்சுக்கும். செலவே இல்லாத வழியையும் யாராவது ஒரு புண்ணியவான் சொல்லிடுவான். "காயில் ஸ்பிரிங்ல ஒரு சுத்தை வெட்டி எடு. அம்புட்டுத்தான் மாப்ள!"

எங்க செட்டுல இந்த ஆசை வந்தது ராஜபாளையத்து நண்பன் ஒருத்தனுக்கு. அவன் கையில இருக்கிறது அவங்க அப்பாவோட பழைய பிக்கப். சீசன்ல மலையடிவாரத் தோப்புகள்ல இருந்து சப்பட்டை மாம்பழம், மத்த நாள்ல தேங்காய், பால் கேன்னு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடை அடிக்கிற வண்டி. அவனோட செமஸ்டர் ஃபீஸே அந்த வண்டி உழைச்சுத்தான் வருது. "நீதான் மெக்கானிக்கலாச்சே... எத்தனை சுத்து வெட்டலாம்னு கணக்குப் போட்டுச் சொல்லுடா"ன்னு வந்து நின்னான்.

கணக்குக்கு முன்னாடி குட்டியா ஒரு ஃப்ளாஷ்பேக். இந்த 'லோ ரைடர்' ஸ்டைல் வளர்ந்த இடம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் பழைய கார்களை வாங்கி, டிக்கியில மணல் மூட்டை வச்சும் ஸ்பிரிங்கை வெட்டியும் தரையோட தரையா இறக்கினாங்க. பறக்கிறதுக்கு இல்லை... நாலு பேர் பார்க்க மெதுவா ஊர்கோலம் போறதுக்கு! கிட்டத்தட்ட நம்ம ஆண்டாள் தேர் வேகம்தான்.

1958-ல் கலிஃபோர்னியா அரசு முட்டுக்கட்டை போட்டது. வண்டியின் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாதுன்னு சட்டம். மறுவருஷமே ரான் அகிர்ரேங்கிறவர் தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்பைப் பொருத்தினார். போலீஸ் வந்தா ஏத்து, போனதும் இறக்கு! அந்தத் தடை விலகினது 2024 ஜனவரியிலதான். இதுல ஒண்ணு கவனிச்சீங்களா? அந்த வண்டிகளோட வேலை அழகா நிக்கிறது. நண்பனோட வண்டிக்கு வேலை பாரம் சுமக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். ஸ்பிரிங்கை வெட்டினா அது தளர்ந்து வண்டி அமுங்கும்னுதான் பல பேர் நினைச்சிட்டிருக்காங்க. உண்மை நேர் எதிர். பரீட்சை ஹாலுக்குள்ள தூக்கிட்டுப் போற பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக்கைத் திறங்க. கம்பியின் தடிமன், சுருளின் விட்டம் எல்லாம் அப்படியே இருக்க, சுத்து குறையக் குறைய ஸ்பிரிங் விறைக்கும். வேலை செய்யற சுத்து 6 இருந்து 5 ஆனா, விறைப்பு 20 சதவிகிதம் எகிறும்.

ஒரு உதாரணம். 300 மி.மீ. உயரமுள்ள ஸ்பிரிங், 450 கிலோ பாரத்துல 75 மி.மீ. அமுங்குதுன்னு வச்சுக்கோங்க. நிக்கிற உயரம் 225. அதுல 45 மி.மீ. வர்ற ஒரு சுத்தை வெட்டினா மிச்சம் 255. விறைப்பு கூடிட்டதால இப்ப 62.5 மி.மீ.தான் அமுங்கும். ஆக, ஸ்பிரிங் உயரம் குறைஞ்சது 32.5 மி.மீ. 'அவ்வளவுதானா'ன்னு சப்புக்கொட்டாதீங்க. ஸ்பிரிங் உக்கார்ந்திருக்கிறது சக்கரத்துக்கு உள்பக்கம் தள்ளி, கன்ட்ரோல் ஆர்ம் மேல. நெம்புகோல் கணக்குப்படி வண்டி அதைவிட அதிகமா இறங்கும். ஒண்ணரை மடங்குன்னு வச்சாலே கிட்டத்தட்ட ரெண்டு இன்ச்!

180 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் இருந்த வண்டிக்கு முன்பக்கம் மிச்சம் 130 சொச்சம். இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடையோட உயரம் 100 மி.மீ. நம்ம தெருக்கள்ல இருக்கிற வேகத்தடை எல்லாம் அந்த விதியைப் படிச்சிட்டா முளைக்குது?

இந்தப் பேப்பரை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் ஒரு பட்டறைக்குப் போனோம். அங்கே இருந்த அண்ணன் பேப்பரைப் பார்க்கவே இல்லை. வண்டிக்கு அடியில படுத்து டார்ச் அடிச்சு, பம்ப் ஸ்டாப் ரப்பரைக் காட்டினார். பள்ளத்துல வண்டி முழுசா அமுங்கும்போது இரும்போட இரும்பு இடிக்காம காப்பாத்துற ரப்பர் அது. "தம்பி, இப்பவே இது அடி வாங்கி நசுங்கிக் கிடக்கு. நீங்க இன்னும் ரெண்டு இன்ச் இறக்கினா தினமும் இதுமேலதான் ஓடணும்."

அப்புறம் அவர் சொன்னது முழுக்க எங்களுக்கு லேப் கிளாஸ். கேஸ் கட்டிங்ல வெட்டினா சூட்டுல ஸ்பிரிங்கோட பதம் போயிடும். நாளாவட்டத்துல தொய்யும், இல்லை ஒடியும். கிரைண்டர்ல வெட்டினாலும் வெட்டின முனை சீட்ல சரியா உக்காரணும். ஜாக்கி போட்டுத் தூக்கும்போதோ, பள்ளத்துல சக்கரம் தொங்கும்போதோ, குட்டையான ஸ்பிரிங் இடத்தைவிட்டு நழுவலாம். சக்கரத்தோட சாய்வு மாறி டயர் ஒரு பக்கமாத் தேயும். ஷாக் அப்சார்பர் வேலை செய்ய இடமே இருக்காது. இத்தனைக்கும் அந்த வண்டிக்கு முன்னாடி மட்டும்தான் காயில், பின்னாடி பட்டை ஸ்பிரிங். முன்னாடி மட்டும் இறக்கினா வண்டி தரையை மோந்துக்கிட்டு நிக்கும்!

கடைசியா சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "லோடு வண்டிக்காரங்க எல்லாம் கூடுதலா பட்டை போட்டு ஏத்தித் தரச் சொல்லித்தான் வருவாங்க. இறக்கணும்னு வந்தது நீங்கதான் தம்பி." யோசிச்சா ரெண்டும் ஒரே தப்பு. கூடுதல் பட்டை போட்டா வண்டி நிமிர்ந்து நிக்கும். ஆனா, கூடுதல் பாரத்தை நிறுத்தற அளவுக்கு பிரேக் வளராதே!

சட்டம் என்ன சொல்லுது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்துல இருக்கிற விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததுல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. கேரள ஆர்.டி.ஓ. தரப்பு மேல்முறையீட்டுல 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செஞ்சது. அதே வருஷத் திருத்தத்துல வந்த 182-ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில், இல்லை ரெண்டும். எட்டு வருஷம் தாண்டின சரக்கு வண்டி வருஷா வருஷம் எஃப்.சி.க்குப் போகணும். அங்கே பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னாடி 'ஸ்டைலுக்காக சார்'னு சொல்லிப் பாருங்க!

இவ்வளவையும் நண்பன் வீட்டுல போய்ச் சொன்னான். அவங்க அப்பா ஒரே வரியில முடிச்சிட்டார். "தாராளமா இறக்கு. மாம்பழக் கூடையை மட்டும் நீ தலையில தூக்கிட்டு வந்துடு!" வண்டி இன்னிக்கும் அதே உயரத்துலதான் ஓடிட்டு இருக்கு. அந்த நசுங்கின ரப்பரை மட்டும் மாத்தியாச்சு.

உயரத்தோட விளையாடணும்ங்கிற ஆசை தப்பே இல்லை பாஸ். அதுக்குன்னே மேடை இருக்கு. 2007-ல் இருந்து நடக்கிற பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா, கோவை கரி ஸ்பீட்வேயில் நடக்கிற ஃபார்முலா பாரத் மாதிரியான போட்டிகள்ல மாணவர்களே சொந்தமா வண்டியை டிசைன் பண்ணி ஓட்டலாம். ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கலாம், மாத்திப் பார்க்கலாம். ஏன் இந்த உயரம்னு கேட்டா ஜட்ஜ்கிட்ட கணக்கோட பதில் சொல்லலாம். சோறு போடுற வண்டியில சோதனை எதுக்கு?

வெட்டின சுத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால, கிரைண்டரைத் தூக்கறதுக்கு முன்னாடி டேப்பைத் தூக்குங்க. ரப்பருக்கு மேல எவ்வளவு இடம் இருக்கு, வழியில எத்தனை வேகத்தடை இருக்கு, அந்த வண்டியை நம்பி வீட்டுல எத்தனை பேர் இருக்காங்கன்னு அளந்து பாருங்க. மூணாவது கணக்கு எந்த டேட்டா புக்லயும் கிடையாது!