கப்பலில் தங்கிவிடும் பொருள்கள்



பள்ளி விடுமுறை நெருங்கினால் ஆசிரியர் அறையில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். அண்மைக் காலமாக அப்பேச்சில் உல்லாசக் கப்பலும் இடம்பெறுகிறது. கட்டணம் எவ்வளவு, சைவ உணவு கிடைக்குமா, கடல் அலை தலைசுற்றலைத் தருமா என்றெல்லாம் கேட்கின்றனர். இறங்கும்போது எவற்றை விட்டுவிட்டு வருகிறோம் என்று எவரும் கேட்பதில்லை. 2024ஆம் ஆண்டு விடுமுறையில் என் குடும்பமும் தங்கை குடும்பமும் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுப் பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் கப்பலில் நான்கு இரவுகள் பயணம் செய்தோம். (ஜொகூரில் வாழ்பவர்கள் பினாங்கைப் பார்க்கச் சிங்கப்பூர் சென்று கப்பலேற வேண்டுமா என்று என் அண்ணன் இன்றும் கேலி செய்வார்.) அங்குக் கண்டதும் கேட்டதுமே இப்பதிவு.

தங்கும் விடுதியில் பொருளை மறப்பதற்கும் கப்பலில் மறப்பதற்கும் வேறுபாடு உண்டு. பயணத்தின் இறுதி இரவில் பெரிய பெட்டிகளுக்கு அடையாள அட்டை கட்டி, அவற்றை அறை வாசலில் வைத்துவிட வேண்டும். பணியாளர்கள் இரவோடு இரவாக எடுத்துச் செல்வர். மறுநாள் கரையில்தான் நாம் அவற்றைப் பெற்றுக்கொள்வோம். ஆகவே, நாம் அறையில் இருக்கும்போதே நம் பெட்டி அறையை விட்டுப் போய்விடுகிறது. அதன்பின் கழற்றும் உடை, காலையில் பல் துலக்கிய தூரிகை, தலைமாட்டில் செருகிய மின்னேற்றி ஆகிய அனைத்துக்கும் போக்கிடம் ஒரு சிறு கைப்பை மட்டுமே. மாற்றுடையையும் பெட்டியோடு அனுப்பிவிட்டு, இரவு உடையிலேயே காலைச் சிற்றுண்டிக்கு வந்த ஒருவரை நாங்கள் கண்டோம். பாவம், அவர் மூலையில் அமர்ந்து விரைவாக உண்டு முடித்தார்.

காலையில் சீக்கிரமே அறையை விட வேண்டும். நண்பகலுக்கெல்லாம் அடுத்த பயணிகள் ஏறத் தொடங்குவர். மாலையில் கப்பல் மீண்டும் புறப்பட்டுவிடும். நாம் மறந்த பொருளும் அதனுடன் இன்னொரு முறை கடல் பார்த்து வரும்.

எங்கள் அறைகளைக் கவனித்துக்கொண்ட பணியாளர் இந்தோனேசியர். மலாய்மொழியில் உரையாட முடிந்ததால், பயணிகள் எவற்றை மறக்கின்றனர் என்று அவரிடமே கேட்டேன். மின்னேற்றிதான் அதிகம் என்றார். அடுத்து, காந்தக் கொக்கிகள். கப்பலறைச் சுவர்கள் பெரும்பாலும் எஃகுத் தகட்டால் ஆனவை. காந்தம் நன்றாக ஒட்டிக்கொள்ளும். விவரம் அறிந்த பயணிகள் தொப்பி மாட்டக் கொக்கிகள் கொண்டுவருவர். சுவரும் வெள்ளை, கொக்கியும் வெள்ளை, கண்ணில் படாது. குளியலறையில் இழுத்துக் கட்டும் சிறு கொடிக்கயிற்றில் நீச்சலுடைகள் தங்கிவிடும். அறை சிறியது என்பதால் பெட்டிகளைக் கட்டிலுக்கடியில் வைப்போம். பெட்டி வெளியே வந்தாலும் அதன் பின்னால் ஒதுங்கிய சிறுவர் செருப்பு வெளியே வருவதில்லை.

பாதுகாப்புப் பெட்டகம் தனிக்கதை. கடப்பிதழையும் நகையையும் மிகக் கவனமாக உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். அந்தக் கவனத்தாலேயே அவை நம் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன. பெட்டகத்துக்குள் ஒரு கால் செருப்பையும் வைத்துவிடுங்கள் என்று பழகிய பயணிகள் கூறுவர். சிரிப்பாக இருந்தாலும் நல்ல யோசனை. ஒற்றைச் செருப்போடு எவரும் கப்பலை விட்டு இறங்க மாட்டார்.

நம்மவர்களுக்காக இன்னொன்று: கெட்டில். குழந்தைக்கு மைலோ கலக்க வேண்டும் என்று அதனைக் கொண்டுபோகும் குடும்பங்கள் பல. தீ அபாயம் கருதிக் கப்பல்களில் கெட்டிலையும் துணி தேய்க்கும் பெட்டியையும் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும்போது திருப்பித் தருவர். கேட்டு வாங்குபவருக்குத்தான் கிடைக்கும்!

என் தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வந்தவர். மேல்தளப் பயணி. தம் தகரப் பெட்டியின் அருகிலேயே படுத்து உறங்கினாராம். அப்பெட்டி இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் வந்த பொருள்களை அவர் வரிசையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு விரல்கூட மிச்சமாகும், அவ்வளவு குறைவு.

அந்தப் பணியாளர் கூறியவற்றுள் என்னை உறுத்தியது வேறு. சிறுவர்களின் பொருள்களும் முதியோரின் பொருள்களுமே வருத்தம் தருபவை என்றார். போர்வைக்குள் சுருண்டுகிடக்கும் துணிப்பொம்மை, விரிப்புகளோடு சலவைக்குப் போய்விடும். டிசு தாளில் சுற்றி வைத்த பொய்ப்பற்கள் குப்பை என்று எண்ணப்படும். குளிர்பெட்டியில் இன்சுலின், தலையணையருகே காது கேட்கும் கருவி... இவ்விரு சாராருக்கும் பெட்டி கட்டுபவர் வேறொருவர் அல்லவா? கட்டுபவருக்கு அப்பொருள் எங்கே உறங்குகிறது என்று தெரியாது. உரியவரை யாரும் கேட்பதுமில்லை.

வகுப்பறையிலும் இதனைக் காண்கிறேன். தவணை முடிவில் என் அலமாரியில் சேரும் நீர்ப்புட்டிகளை உயர்த்திக் காட்டி, "இது யாருடையது?" என்றால், உரிய மாணவரே விழிப்பார். அதை வாங்கியவரும் பையில் வைத்தவரும் அம்மா. ஆகவே, அப்பயணத்தில் தங்கை மகன் தன் பையைத் தானே கட்டினான். மூன்றாம் ஆண்டு மாணவன். பட்டியல் எழுதச் சோம்பி, கொண்டுவந்த ஒவ்வொன்றையும் ஒரு தாளில் வரைந்துவைத்தான். இறங்கும் நாளில் படங்களின் மீது கோடு போட்டுக்கொண்டே வந்தான். எங்கள் குழுவில் எதையும் விடாதவன் அவன் ஒருவனே.

இறங்கும் காலையில் எதிரறையில் பெருங்குரல் கேட்டது. கிள்ளானிலிருந்து வந்த குடும்பம். பாட்டியின் இரண்டு தங்க வளையல்களைக் காணவில்லை. மகன் நேரே பணியாளரிடம், "அறைக்குள் வந்து போகிறவர் நீங்கள் ஒருவர்தானே?" என்றார். அவர் பதில் பேசவில்லை. இத்தகைய பணியாளர்கள் பல மாத ஒப்பந்தத்தில், ஊரிலுள்ள பிள்ளைகளைப் பாராமல் உழைப்பவர்கள். ஒரு புகார் போதும், அடுத்த ஒப்பந்தம் கேள்விக்குறியாகும். அவர் பாட்டியின் முன் மண்டியிட்டு, "நேற்று இரவு குளித்தபின் என்ன உடுத்தினீர்கள், நெனெக்?" என்று மலாயில் கேட்டார். பாட்டி அலமாரியைக் காட்டினார். கப்பல் நிறுவனம் தந்த வெள்ளைக் குளியல் அங்கி அங்கே தொங்கியது. அதன் பையில், கைக்குட்டையில் முடிந்த வளையல்கள் இருந்தன. அங்கி கப்பலுக்குச் சொந்தம். அதனால் அதை எவரும் மடிக்கவுமில்லை, தொடவுமில்லை.

மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தவாறு பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பாட்டிதான் நின்று, அப்பணியாளரின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். நல்ல மலாயில், நெடுநேரம். அதற்குள் மருமகள் இருமுறை அழைத்துவிட்டார்.

வீடு திரும்பியபின் ஏதேனும் குறைவது தெரிந்தால், அறை எண், பயண நாள், பொருளின் அடையாளம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு எழுதலாம். அஞ்சல் செலவு பெரும்பாலும் நம்முடையது. எழுதுவதற்கு முன் எல்லாப் பைகளையும் தரையில் கொட்டிப் பார்த்துவிடுங்கள். கப்பலில் தொலைந்ததாகத் தங்கை இரண்டு நாள் புலம்பிய மூக்குக்கண்ணாடி, அழுக்குத் துணிப் பையில் அவர் கணவரின் காலுறைக்குள் இருந்தது.