கொரில்லா என்றொரு பட்டப்பெயர்

அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். கட்டடம் கிடையாது. மாரியம்மன் கோயில் திண்ணையும் ஒரு தெருவிளக்கும்தான். போன மாதம் ஏழாவது படிக்கிற ஒரு பெண் கேட்டாள்: "அண்ணே, கொரில்லான்னா கெட்டதாண்ணே?"

"ஏம்மா?"

"எந் தம்பிய பள்ளிக்கொடத்துல அப்படித்தான் கூப்புடுறானுவோ. ராத்திரி சோறு திங்க மாட்டேங்குறான்."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏனென்றால் அது என் பெயர்.

2000-இல் நான் ஆறாவது படித்தேன். அப்போது அரியலூரும் பெரம்பலூரும் ஒரே மாவட்டம். பள்ளிக்கூடத்தில் மைசூருக்குச் சுற்றுலா போனார்கள். காசில்லாததால் நான் போகவில்லை. மைசூர் மிருகக்காட்சி சாலையில் அந்தக் காலத்தில் போலோ என்று ஒரு கொரில்லா இருந்தது. போய்வந்தவர்கள் எனக்கு ஒரு பெயர் கொண்டுவந்தார்கள். நான் கறுப்பு, வயசுக்கு மீறிய உடம்பு. வேறென்ன வேண்டும்? டிரில் வாத்தியாரும் சிரித்தார். அன்றைக்குத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் போனேன். "ஏய் கொரில்லா, தள்ளி நில்லுடா" என்றான் ஒருத்தன். சாதிப் பேரைச் சொல்லத் துணியாதவனுக்கு ஒரு மிருகத்தின் பேர் வசதியாகக் கிடைத்துவிட்டது.

அப்பா நான் நாலாவது படிக்கும்போதே செத்துப்போனார். பெரியப்பாதான் வளர்த்தார். பச்சைமலை அடிவாரத்தில் அடுத்தவன் கடலைக்கொல்லைக்குக் குரங்குக் காவல் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் அழுதுகொண்டே சொன்னேன். "கொரில்லாவ நான் பாத்ததில்லடா, கொரங்கப் பாத்துருக்கேன். குட்டிய வயித்துல ஒட்டிக்கிட்டு ஓடுற தாய் மேல இந்தக் கையி கல்லு வுட்டதில்ல. ஒன்னக் கூப்புட்டவன் எதடா பாத்தான்?" என்றார்.

பிறகு எம்.ஏ. தமிழ் படித்தேன். குறிஞ்சித்திணைப் பாட்டில் மந்தியும் கடுவனும் வரும்போது பேராசிரியர் உருகிப் பாடம் நடத்துவார். பாட்டில் வருகிற கடுவனுக்கு இருந்த மரியாதை வகுப்பில் உட்கார்ந்திருந்த கொரில்லாவுக்குக் கிடைக்கவில்லை. அந்த மிருகத்தைப் பற்றித் தேடிப் படிக்க எனக்கு முப்பது வயசு தாண்ட வேண்டியிருந்தது. கூச்சம்தான் காரணம்.

மைசூரில் கூண்டில் இருந்தது தாழ்நிலக் காட்டு வகை. மலைக் கொரில்லா எந்த மிருகக்காட்சி சாலையிலும் இல்லை. ருவாண்டா, உகாண்டா, காங்கோ மூன்று நாடும் சேருகிற விருங்கா எரிமலைத் தொடரிலும், உகாண்டாவின் ப்விண்டி காட்டிலும் மட்டும்தான் இருக்கிறது. 1902-இல் ஃபான் பெரிங்கே என்ற ஜெர்மன் ராணுவ அதிகாரி இரண்டைச் சுட்டு வீழ்த்தினான். அப்படித்தான் ஐரோப்பாவுக்கு அது 'தெரிய' வந்தது. அதன் விஞ்ஞானப் பெயரில் இன்றைக்கும் இருப்பது சுட்டவனுடைய பெயர். பெயர் வைக்கிற அதிகாரம் எப்போதும் யார் கையில் இருக்கிறது பாருங்கள்.

ஆண் கொரில்லாவுக்குப் பன்னிரண்டு வயசு வாக்கில் முதுகு மயிர் வெள்ளியாய் நரைக்கும். வெள்ளிமுதுகுக் கடுவன் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். 150 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். தின்பதோ இலை, தண்டு, செந்தட்டி, மூங்கில் குருத்து. கூட்டம் எப்போது எழ வேண்டும், எந்தப் பக்கம் மேய வேண்டும், எங்கே படுக்க வேண்டும் என்பதெல்லாம் அது எழுந்து நடப்பதைப் பார்த்துத்தான். பொழுது சாய்ந்தால் ஒவ்வொன்றும் இலைதழையை மடக்கித் தனக்கொரு படுக்கை போட்டுக்கொள்ளும். மறுநாள் புதுப் படுக்கை. சினிமாவில் காட்டுகிற மாதிரி முஷ்டியால் அது மார்பில் குத்திக்கொள்வதில்லை, குவித்த உள்ளங்கையால் தட்டுகிறது. பெரும்பாலும் அது சண்டைக்கு அல்ல, சண்டை வராமல் இருக்க.

எல்லாம் சாதுவென்று சொல்லி ஏமாற்ற மாட்டேன். ஒரு கூட்டத்தின் கடுவன் செத்தால், வெளியிலிருந்து வருகிற கடுவன் பால்குட்டிகளைக் கொன்றுவிடுவதுண்டு. ஆனால் இதுவும் உண்டு: தாயை இழந்த குட்டியைக் கடுவன் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளும், ராத்திரி தன் படுக்கையிலேயே போட்டுக்கொள்ளும். ருவாண்டாவில் பல பத்தாண்டுகளாக எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு 2021-இல் வந்த ஆய்வு இதைச் சொல்கிறது. படித்தபோது பெரியப்பாவின் சாக்குப் படுக்கை நினைவுக்கு வந்தது. உடனே நடுங்கினேன். அவன்கள் செய்த ஒப்பீட்டையே நானும் செய்கிறேனா? இல்லை. அவன் கொரில்லாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நான் இரண்டையும் பார்த்துச் சொல்கிறேன்.

1977 டிசம்பர் 31 அன்று டிஜிட் என்ற இளம் கடுவன் வேட்டைக்காரர்களையும் நாய்களையும் தனியாய் எதிர்த்து நின்றது. உடம்பில் ஐந்து ஈட்டிக் குத்து. கூட்டத்தில் மீதி 13 உயிரும் தப்பின. தலையையும் கைகளையும் வெட்டிக்கொண்டு போனார்கள். அதைப் பத்து வருஷமாய் அறிந்திருந்த டயான் ஃபாசி உலகத்துக்குச் சொன்னார். 1985-இல் அவரும் கொல்லப்பட்டார். எண்பதுகளின் தொடக்கத்தில் விருங்காவில் 250 வாக்கில்தான் மிச்சம். பிந்தைய கணக்கெடுப்புகளின்படி இரண்டு இடத்திலும் சேர்த்து 1,063. சந்தோஷப்பட வேண்டிய கணக்குதான்.

இப்போது பார்க்கப் போகிறவர்கள் தள்ளி நிற்க வேண்டும். முன்பு 7 மீட்டர், கொரோனாவுக்குப் பிறகு 10 மீட்டர். மனுசனுடைய சளி இருமல் அதற்கு ஒட்டினால் கூட்டமே அழியும். அதனால் முகக்கவசம், ஒரு மணி நேரம் மட்டும். தோழர்களே, "தள்ளி நில்" என்ற சொல்லை நான் முதல்முறையாக வெறுக்காமல் படித்த இடம் இது.

ஆனால் அந்தக் காட்டின் கதை அதோடு முடியவில்லை. அங்கே காலங்காலமாய் இருந்தவர்கள் பத்வா மக்கள். 1991-இல் ப்விண்டியும் மகஹிங்காவும் தேசியப் பூங்கா ஆனபோது அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். நிலம் கொடுக்கவில்லை. அடுத்தவன் காட்டில் கூலிக்கு நின்றார்கள். சுற்றியிருக்கிற சாதியார் (வேறெந்தச் சொல்லைப் போடுவது?) அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்காருவதில்லை, அவர்கள் குடித்த குவளையில் குடிப்பதில்லை. ஒரு மணி நேரம் கொரில்லா பார்க்க உகாண்டாவில் வெளிநாட்டாருக்கு 800 டாலர். அந்தக் காட்டை விட்டுக் கொடுத்தவன் வாசலில் நிற்கிறான். 2021 ஆகஸ்டில் உகாண்டா அரசியல் சாசன நீதிமன்றம் பத்வாக்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கு முப்பது வருஷம் ஆனது. கடுவனைக் காப்பாற்றியது தப்பென்று நான் சொல்லவில்லை. அதன் பேரைச் சொல்லி மனுசனைத் தெருவில் விட்டதைத்தான் சொல்கிறேன்.

இவ்வளவையும் திண்ணையில் பிள்ளைகளுக்குச் சொன்னேன். தெருவில் பத்து மீட்டர் எவ்வளவு என்று கயிறு பிடித்து அளந்தார்கள். அந்தப் பெண் ஒரு முனையில், தம்பி மறுமுனையில். அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப நோவு ஒட்டுறது நம்மகிட்டேர்ந்தா அதுக்கிட்டேர்ந்தாண்ணே?"

"நம்மகிட்டேர்ந்துதாம்மா."

தம்பி சிரித்துவிட்டான். அன்று ராத்திரி அவன் சாப்பிட்டதாக மறுநாள் சொன்னாள். அதோடு விட முடியாது. திங்கட்கிழமை அவன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியரைப் பார்க்கப் போனோம். "பசங்க விளையாட்டு சார்" என்றார். "விளையாட்டுன்னா ரெண்டு பக்கமும் சிரிக்கணும் சார்" என்றார் அவன் அப்பா. எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். மறுபடியும் போவோம்.