அப்பாயி பார்த்த கல்லூரி

1973 ஜூன் மாதம் கல்லூரியைப் பார்க்க மெட்ராசுக்கு மூன்று பேர் போனோம். படிக்க ஆசைப்பட்டது நான். பணம் கட்ட வேண்டியது அப்பா. ஆனால் பார்க்கப் போனது என்னவோ அப்பாயிதான்.

எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். பி.யு.சி. முடித்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பூகோளம் எடுத்த டீச்சர், காவிரியைக் கரும்பலகையில் வரைந்தால் குடகிலிருந்து பூம்புகார் வரை சாக்பீஸை எடுக்காமல் ஒரே கோடாக இழுத்துவிடுவார். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பூகோளப் பைத்தியம் பிடித்தது. நான் பி.யு.சி. படித்த கல்லூரியில் அது பட்டப்படிப்பாக இல்லை. "நான் படிச்ச குயின் மேரீஸ்ல இருக்கு. ஹாஸ்டலும் உள்ளேயே இருக்கு. அப்ளிகேஷன் போடு" என்றார் டீச்சர்.

அப்பாவுக்குச் சம்மதம். அம்மாவுக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. அப்பாயி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "வயசுப் பொண்ணைப் பட்டணத்துல வுட்டுட்டு நாம இங்க எப்புடித் தூங்குறது?" என்று இரண்டு நாள் பேச்சு. மூன்றாம் நாள் காலையில், வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "நான் வந்து பாக்குறேன் தம்பி. பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் என் மூன்று அத்தைமார்களுக்கும் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனது அவர்தான். அது அவருடைய இலாகா. போன இடத்தில் திண்ணையில் உட்கார்ந்து பேச்சுக் கேட்க மாட்டார். நேரே கொல்லைக்குப் போவார். கிணறு, மாட்டுக் கொட்டகை, அடுப்பங்கரை. "வீட்டுக்காரங்க சொல்றதைக் கேக்காத, வேலைக்காரங்க சொல்றதைக் கேளு" என்பார்.

கும்பகோணத்தில் ராத்திரி ரயில் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கினோம். அங்கேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு பஸ் பிடித்தோம். கை ரிக்‌ஷாவை ஒழித்தது அந்த வருஷம்தான். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் கேட்ட கூலிக்கு எங்கள் ஊரில் ஓர் ஆளுக்கு ஒரு நாள் கூலி கொடுத்துவிடலாம் என்று அப்பாயி சொல்லிவிட்டார்.

பஸ் கடற்கரைச் சாலைக்கு வந்ததும் அப்பா சுறுசுறுப்பாகிவிட்டார். பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் கோபுரங்களைக் காட்டி, "இதுதாம்மா மெட்ராஸ் யுனிவர்சிட்டி. பாப்பாவோட பரீட்சைப் பேப்பரெல்லாம் இங்கேருந்துதான் வரும்" என்றார். அப்போது தஞ்சாவூர் ஜில்லாவும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருந்தது. திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்தது 1982-ல். சிசோம் என்ற வெள்ளைக்காரர் வடிவமைத்த கட்டிடம், 1879-ல் முடிந்தது என்பதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அது எனக்கு நாகூர் தர்கா மாதிரியும் இருந்தது, அரண்மனை மாதிரியும் இருந்தது. அடுத்து பிரசிடென்சி கல்லூரி. அதையும் தாண்டிக் கண்ணகி சிலை. அப்பாயி மட்டும் வலது பக்கக் கட்டிடங்களைப் பார்க்காமல், எதிர்ப்பக்கம் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

காந்தி சிலை நிற்கும் முனைக்குக் கிட்டத்தான் குயின் மேரீஸ். 1914-ல் தொடங்கியது, சென்னையில் பெண்களுக்கென்று வந்த முதல் கல்லூரி. கடலைப் பார்த்தபடி கேப்பர் ஹவுஸ் என்ற பழைய பங்களா. ஒரு காலத்தில் ஹோட்டலாக இருந்ததாம். அதில்தான் கல்லூரியே ஆரம்பமாகியிருக்கிறது. இப்போது அந்தக் கட்டிடம் இல்லை. 2003-ல் கல்லூரியையே எடுத்துவிட்டுத் தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அறிவிப்பு வந்தபோது, மாணவிகள் உள்ளே உட்கார்ந்து போராடி அதை நிறுத்தினார்கள். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கதைக்கு வருகிறேன். ஆபீசில் நீள வரிசை. எங்கு பார்த்தாலும் அப்பாக்கள். சிலர் கோட்டுப் போட்டிருந்தார்கள். என் அப்பா கதர் வேட்டியை இரண்டு தடவை சரிசெய்துகொண்டார். அப்ளிகேஷனை வாங்கி, மரத்தடியில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதி முடித்து நிமிர்ந்தால், அப்பாயியைக் காணோம்.

"போய்ப் பாரும்மா" என்று அப்பா என்னை அனுப்பினார். அன்று முழுவதும் நான் தனியாக நடந்தது அந்தப் பத்து நிமிஷம்தான்.

மரங்களுக்கு நடுவே கட்டிடங்கள். காற்றில் உப்பு வாடை. ஒரு வராந்தாவைத் தாண்டும்போது படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். சாதாரண வாயில் புடவை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, காலை நீட்டி, தூணில் சாய்ந்து ஒரு தடிப்புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தைத் திருப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பக்கம். நான் பக்கத்தில் நிற்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

இதில் என்ன இருக்கிறது என்று இன்றைக்குத் தோன்றலாம். எங்கள் வீட்டில் நான் புத்தகத்தை விரித்தால் இரண்டு பக்கத்துக்குள் யாராவது கூப்பிடுவார்கள். அடுப்பைப் பாரு. கோழியை அடை. தம்பி அழுவுறான், தூக்கு. நெல்லைக் கிண்டி வுடு. அதிகமாகக் கூப்பிடுவது அப்பாயிதான். யாரும் கூப்பிடாமல் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கேயோ மணி அடித்தது. புடவைகள் சலசலவென்று ஒரு பக்கமாகப் போயின. அவள் நிமிரவே இல்லை.

அப்பாயி சமையல்கட்டுக்குப் பின்னால் கிடைத்தார். வேலை பார்க்கும் அம்மா ஒருவரோடு தரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்குக் குத்தாலம் பக்கமாம். அதை எப்படிக் கண்டுபிடித்தாரோ!

பிறகு வார்டன் அம்மாவைப் பார்த்தோம். நல்ல மாதிரி. யார் யார் வந்து பார்க்கலாம் என்று அப்பா பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், வேறு யாரையும் உள்ளே விட மாட்டோம் என்று விளக்கினார். "பாட்டி, நீங்க கவலைப்படாதீங்க" என்றார்.

"கவலப்படுறதுக்குத்தாம்மா நான் வந்திருக்கேன்" என்றார் அப்பாயி. எனக்கு அங்கேயே மறைந்துவிடலாம் போலிருந்தது. வார்டன் சிரித்துவிட்டார்.

ரயிலுக்கு நேரம் இருந்ததால் சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்தோம். அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு மிச்சம் இருந்தது.

"இது நாகப்பட்டினத்துல பாத்த கடலுதானே?" என்றார் அப்பாயி.

"அதே கடல்தான் அப்பாயி. வங்காள விரிகுடா. கரையோடவே தெக்க போனா நாகப்பட்டினம்" என்றேன், பூகோளக்காரியாக.

அவர் பதில் சொல்லவில்லை. சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு, அப்பாவிடம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தார். மதில் உசரம் போதும். வாட்ச்மேன் கெழவன்தான், ஆனா பகல்ல தூங்கல. கொல்லைப் பக்கம் சுத்தமா இருக்கு. சோறு குழையல. காய்ச்சல் வந்த பொண்ணுக்குக் கஞ்சி தனியா வச்சுக் குடுக்குறாங்க, அந்தக் குத்தாலத்துப் பொம்பள சத்தியம் பண்ணிச் சொன்னா. தண்ணிதான் உப்பு, அது பட்டணம் பூராவும் அப்புடித்தானாம்.

அப்பா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாயி என் பக்கம் திரும்பினார்.

"ஏ பாப்பா, அந்தப் படியில ஒரு பொண்ணு ஒக்காந்திருந்துச்சே, பாத்தியா?"

எனக்குத் திக்கென்றது. "பாத்தேன்."

"சோத்துக்கு மணி அடிச்சிது. அத்தனையும் போயிடுச்சு. அது எந்திரிக்கல. ஏன்னு ஒருத்தரும் கேக்கல."

போச்சு என்று நினைத்தேன். அடக்கம் இல்லாத இடம் என்று சொல்லப் போகிறார். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். மணலைக் கிளறிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அப்பாயி கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். சுருக்குப் பையைத் திறந்து பாக்கை எடுத்து வாயில் போட்டார். பையை இழுத்துக் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"பணத்தைக் கட்டுடா தம்பி" என்றார்.

ஏன் என்று அப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இடம் கிடைத்துவிட்டதாகச் சில வாரத்தில் கார்டு வந்தது. அப்பா கும்பகோணம் போய்த் தகரப் பெட்டி வாங்கிவந்தார். கிளம்பும் வரை அப்பாயி என்னைக் கூப்பிடுவது குறையும் என்று எதிர்பார்த்தேன். குறையவில்லை, கூடிவிட்டது. பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தவளை வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"ஏ பாப்பா, போறவ போறதுக்குள்ள இந்த நெல்லை ஒரு கிண்டு கிண்டிட்டுப் போ!"