சப்வூஃபர் வாங்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஹாலின் அளவும் படமும் வந்து சேர்ந்தன. 12 அங்குல சப்வூஃபர் ஒன்றைக் கடையில் பார்த்துவைத்திருக்கிறாய் என்றும், வாட் கணக்கைச் சொல்லிக் கடைக்காரர் அவசரப்படுத்துகிறார் என்றும் எழுதியிருந்தாய். முன்பணம் கொடுத்துவிடாதே. இதைப் படித்துவிட்டுப் போ.

முதலில் உன் ஹாலைப் பார்ப்போம். ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் போகிறது. உன் ஹாலின் நீளம் 14 அடி, அதாவது 4.27 மீட்டர். ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குப் போய்த் திரும்ப 8.54 மீட்டர். வகுத்துப் பார்த்தால் 40 வரும். 40 ஹெர்ட்ஸை ஒட்டி எந்தச் சுரம் எழுந்தாலும் அந்த இரண்டு சுவர்களும் அதைப் பிடித்துவைத்துக்கொண்டு நீட்டும். பேஸ் கிதாரின் அடித்தந்தியை அப்படியே மீட்டினால் 41 ஹெர்ட்ஸ்! நீ விடாமல் கேட்கிற இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிதார் பாட்டுக்குக் கீழே தனி மெட்டாகவே நடக்கும். பெரிய பெட்டியை மூலையில் வைத்து முடுக்கினால் அந்த மெட்டில் ஒரு சுரம் மட்டும் வீங்கி, பக்கத்துச் சுரங்களை அமுக்கிவிடும். மெட்டு போய் வெறும் 'தும் தும்' மிஞ்சும். அதைக் கேட்கவா இவ்வளவு செலவு செய்கிறாய்?

உன் ஸ்பீக்கரில் 5 அங்குல வூஃபர்தான். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது தளர்ந்துவிடும். ஆனாலும் அடித்தந்தியின் சுரம் உனக்கு இதுவரை கேட்டுக்கொண்டுதானே இருந்தது? 41-உடன் 82, 123 என்று அதன் மடங்குகளும் சேர்ந்து ஒலிக்கின்றன. அவற்றை வைத்தே காது அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. சப்வூஃபர் உனக்குப் புதிய சுரம் எதையும் தரப்போவதில்லை. இத்தனை நாள் ஊகித்துக் கேட்டதற்கு உடம்பு கிடைக்கும், அவ்வளவே. அது எனக்குப் பெரிய விஷயம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகவே 10 அங்குலம் போதும். காற்றுத் துளை இல்லாத, முழுக்க மூடிய பெட்டியாக வாங்கு. துளை வைத்த பெட்டி அதே விலைக்குக் கூடுதல் சத்தம் தரும். சினிமா பார்க்கப் பெரிய அறை இருந்தால் நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் அது ஓர் எல்லைக்குக் கீழே சட்டென்று விழுந்துவிடும். மூடிய பெட்டி மெதுவாக இறங்கும். சின்ன அறை தாழ்ந்த ஒலியைத் தானே கொஞ்சம் தூக்கிக் கொடுப்பதால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும்.

உன் ஆம்பில் சப்வூஃபருக்கென்று தனி அவுட் இல்லை. ஸ்பீக்கர் வயர் செருகும் முனையிலிருந்தே சிக்னல் எடுத்துக்கொள்ளும் சப்வூஃபராகப் பார். ஆம்ப் கிளாஸ்-டி வகை என்றால், நெகட்டிவ் வயரை எங்கே கொடுப்பது என்று தயாரிப்பாளரிடம் கேட்காமல் இணைக்காதே. சில ஆம்ப்களில் அது ஆம்பையே கெடுத்துவிடும்.

வைக்கும் இடத்துக்கு ஒரு நாளை ஒதுக்கு. சப்வூஃபரை நீ உட்காரும் சோபாவின் மேலேயே வைத்து, பேஸ் ஏறி இறங்கி நடக்கிற பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பப் போடு. பிறகு தரையோடு தரையாகத் தவழ்ந்து, சுவரோரமெல்லாம் காதை வைத்துக் கேள். அம்மா பார்த்தால் என்ன ஏது என்று கேட்பாள், சொல்லிவிட்டுச் செய். எல்லாச் சுரமும் ஒரே கனத்தில் கேட்கிற இடம் ஒன்று அகப்படும். பெட்டி அங்கே போகட்டும். சோபாவை ஹாலின் நட்டநடுவில் மட்டும் போடாதே. நீள வாக்கில் சரிபாதியில் அந்த 40 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய காணாமலே போய்விடும். வீங்கிய சுரத்தை ஈக்வலைசரில் குறைக்கலாம். இப்படி அற்றுப்போனதை எவ்வளவு ஏற்றினாலும் நிரப்ப முடியாது.

சப்வூஃபர் எந்த ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கிராஸ்ஓவர் குமிழை 50-60 அளவில் வைத்துத் தொடங்கு. குமிழில் அச்சிட்ட எண் துல்லியமாக இருக்கும் என்று நம்பாதே, காதை நம்பு. ஆண் குரலில் செய்தி வாசிப்பதைப் போட்டுக் கேள். குரல் நெஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் கனத்தால் குமிழ் மேலே இருக்கிறது, இறக்கு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. பெட்டி ஓரத்தில் இருந்தாலும் பேஸ் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவிலிருந்து வருவதுபோலவே தோன்றும்.

ஃபேஸ் ஸ்விட்சுக்கு இன்னொரு ஆள் வேண்டும். நீ சோபாவில் இரு, அவர் 0, 180 என்று மாற்றட்டும். எதில் பேஸ் நிறைந்து கேட்கிறதோ அதுதான் சரி. வால்யூமைக் கடைசியாகத் தொடு. பூஜ்யத்திலிருந்து ஏற்று, சப்வூஃபர் இருப்பது தனியாகத் தெரியத் தொடங்கும்போது கொஞ்சம் இறக்கிவிடு. அணைத்தால்தான் அது இருந்தது தெரியவேண்டும்.

ஷோகேஸ் கண்ணாடியும் பரண்மேல் எவர்சில்வர் பாத்திரங்களும் கூடச் சேர்ந்து அதிரும். பாதி 'பேஸ் கோளாறு' அங்கேதான் இருக்கும். இடையில் துணி வை. கீழ்வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே பேசிவிடு. பெட்டிக்கடியில் ரப்பர் வைத்தால் தரை அதிர்வது குறையும், ஆனால் தாழ்ந்த ஒலி தளத்தைத் தாண்டித்தான் போகும். இரவில் இறக்கிவை.

ஒன்று எழுத விட்டுவிட்டாய். ஹாலின் உயரம் என்ன? அகலம் 10 அடி; உயரமும் அதே 10 என்றால் 56 ஹெர்ட்ஸ் பக்கம் இன்னொரு வீக்கம் இருமடங்காக வரும். அப்படியானால் பெட்டி வைக்க வேறு இடம் யோசிக்க வேண்டும். அளந்து உடனே எழுது. அதுவரை கடைக்குப் போகாதே.

அன்புடன்,
அக்கா